தீவுச் சிறையில் 176 முகங்கள்: அல்கட்ராஸ் கண்காட்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

மனித உரிமைப் போராட்டத்தைப் பற்றி ஒரு கண்காட்சி செய்து கொடுங்கள் என்று கலைஞரிடம் கேட்பது எளிது. பார்த்துவிட்டுப் போகிறவர் கையால், எங்கோ சிறையில் இருக்கும் ஒருவருக்கு ஏதாவது ஒன்று போய்ச் சேரும்படி அந்தக் கண்காட்சியைத் திட்டமிடுவதுதான் கடினம். 2014 செப்டம்பர் 27 முதல் 2015 ஏப்ரல் 26 வரை, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் அல்கட்ராஸ் தீவில் நடந்த ‘அட் லார்ஜ்’ கண்காட்சி அதைச் செய்துகாட்டியது. சுமார் 9 லட்சம் பேர் பார்த்தார்கள். அவர்கள் எழுதிய 90,000-க்கும் மேற்பட்ட தபால் அட்டைகள் உலகெங்கும் சிறைகளுக்குப் போயின. இந்த இரண்டாவது எண்ணுக்காகத்தான் அந்தக் கண்காட்சியை இன்றும் பிரித்துப் பார்த்துக் கற்க வேண்டியிருக்கிறது.

கலைஞர், சீனாவின் ஐ வெய்வெய். 2008 சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் இடிந்து இறந்த குழந்தைகளின் பெயர்களை, அரசு வெளியிட மறுத்தபோது, தன்னார்வலர்களைக் கொண்டு வீடுவீடாகப் போய்த் திரட்டியவர். 5,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. 2011-இல் 81 நாள் காவலில் வைக்கப்பட்டார். விடுவித்த பிறகும் கடவுச்சீட்டைத் தரவில்லை. அவரைப் பெய்ஜிங்கில் போய்ப் பார்த்த கியூரேட்டர் (கண்காட்சிகளைத் திட்டமிட்டு அமைப்பவர்) ஷெரில் ஹெய்ன்ஸ், உங்களுக்கு ஒரு சிறையையே கொண்டுவந்து தந்தால் என்ன என்று கேட்டதில் தொடங்கியது இந்த வேலை. ஹெய்ன்ஸ் நிறுவிய ஃபோர்-சைட் அறக்கட்டளை பணியை ஒப்படைத்தது. தீவை நிர்வகிக்கும் தேசியப் பூங்காத் துறையும், அதன் துணை அமைப்பான கோல்டன் கேட் பூங்காக்கள் காப்பகமும் கூட்டாளிகள்.

இடமே முதல் சாட்சி

அல்கட்ராஸ் என்றதும் 1934 முதல் 1963 வரை இயங்கிய கூட்டாட்சிச் சிறையும் அங்கே கிடந்த குற்றக்கும்பல் தலைவன் அல் கபோனும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஹெய்ன்ஸ் குழு அந்தத் தீவைத் தேர்ந்ததற்கு வலுவான காரணங்கள் வேறு. 1895-இல் ஹோப்பி பழங்குடியினர் 19 பேரை இங்கே அடைத்தார்கள். தங்கள் பிள்ளைகளை அரசின் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்ப மறுத்ததும் அவர்கள்மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. முதல் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மாட்டோம் என்றவர்களும் இங்கே கிடந்தார்கள். சிறை மூடப்பட்ட பின், 1969 நவம்பர் 20 அன்று பூர்வகுடி இளைஞர்கள் தீவைக் கைப்பற்றி 1971 ஜூன் வரை பிடித்துவைத்திருந்தார்கள். ஆக, கலைஞர் எதையும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட பணியைக் கலைஞரிடம் ஒப்படைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான். உரிமை மீறலைப் பற்றிய கண்காட்சியைச் சம்பந்தமில்லாத வெள்ளைச் சுவர்களுக்குள் வைத்தால், சுவரில் ஒட்டிய விளக்கம்தான் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். இடத்துக்கே வரலாறு இருந்தால் விளக்கம் பாதியாகக் குறையும்.

ஆனால் வரலாறு உள்ள இடம் கையையும் கட்டிப்போடும். அல்கட்ராஸ் தேசிய வரலாற்றுச் சின்னம். இப்படிப்பட்ட கட்டடத்தில் சுவரைத் துளைத்துக் கொக்கி மாட்டும் பேச்சுக்கே இடமில்லை. எதை வைத்தாலும் தடமில்லாமல் எடுத்துவிடும்படி இருக்க வேண்டும். கரையிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி, 22 ஏக்கர் பாறை. ஒவ்வொரு திருகாணியும் படகில் வர வேண்டும். படகுத்துறைக்கும் மேலே உள்ள சிறைக்கட்டடத்துக்கும் இடையே 130 அடி ஏற்றம், அதாவது 13 மாடி உயரம். உப்புக்காற்றும் பனிமூட்டமும் கான்கிரீட்டையே உதிர்க்கின்றன. பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை கடற்பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் தீவின் சில பகுதிகளில் நடமாட்டமே கூடாது. இங்கே வேலை அட்டவணையைக் கலைஞரின் வசதி மட்டும் தீர்மானிக்காது, பறவைகளும் தீர்மானிக்கும்.

இதற்கெல்லாம் மேல், கலைஞர் ஒரு நாளும் தீவில் கால் வைக்க முடியாது. வரைபடம், புகைப்படம், ஹெய்ன்ஸ் பெய்ஜிங்குக்குப் போய்வந்த பேச்சுகள் இவற்றை வைத்தே நான்கு இடங்களில் ஏழு படைப்புகளைத் தீர்மானித்தார். இப்படி வேலை செய்யும்போது அளவெடுப்பதில் வரும் பிழைதான் ஆளைக் கொல்லும். பழைய கட்டடத்தில் எந்த இரண்டு தூணும் ஒரே இடைவெளியில் இருக்காது, தரையும் சமமாக இருக்காது. ஆகவே தொலைவிலிருந்து செய்விக்கும் எதையும் சிறு துண்டுகளாகச் செய்து அங்கே கோத்துக்கொள்ளும்படி வடிவமைப்பதே பாதுகாப்பு. இந்தக் கண்காட்சியின் மூன்று பெரிய படைப்புகளான பட்டம், சிறகு, லெகோ மூன்றும் அப்படிப்பட்டவை.

லெகோ முகங்கள்

‘டிரேஸ்’ என்ற படைப்பு, கைதிகள் முன்பு வேலை செய்த தொழிற்கூடக் கட்டடத்தின் தரையில் விரிந்திருந்தது. 30-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 176 பேரின் முகங்கள், 12 லட்சம் லெகோ துண்டுகளால் ஆனவை. தங்கள் நம்பிக்கைக்காகவோ பேச்சுக்காகவோ சிறைப்பட்டவர்கள், நாடு கடந்து வாழ்பவர்கள். படைப்பு உருவான நேரத்தில் பெரும்பாலோர் உள்ளேதான் இருந்தார்கள். பெயர்களைத் திரட்ட மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனல் உதவியது. ஒரு பகுதியை ஐ வெய்வெய்யின் கூடத்தில் செய்தார்கள். மீதியைச் சான் ஃபிரான்சிஸ்கோவில் 80-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கோத்தார்கள்.

ஏன் லெகோ? நடைமுறைக் காரணங்களே போதும். உப்புக்காற்றில் கெடாது. பசையில்லாமல் நிற்கும். பலகை பலகையாகப் பெட்டியில் அடுக்கிப் படகில் ஏற்றலாம். ஓவியப் பயிற்சி இல்லாதவரும் கட்டம் போட்ட தாளைப் பார்த்து அடுக்கலாம். தரையில் வைப்பதால் சுவரைத் தொட வேண்டியதே இல்லை. இன்னொரு பயனும் உண்டு. சிறைப்பட்டவர்களில் பலருக்குக் கிடைக்கும் படமே எங்கோ எடுத்த மங்கலான, சின்ன படமாக இருக்கும். ஒருவருக்கு நல்ல படமும் இன்னொருவருக்குத் தேய்ந்த படமும் மாட்டினால், பார்ப்பவர் தன்னையறியாமல் நல்ல படத்திடம் போய் நிற்பார். எல்லாரையும் கட்டங்களாக்கிவிட்டால் அந்த ஏற்றத்தாழ்வு அடங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 12 லட்சத்தை 176-ஆல் வகுத்தால் முகத்துக்குச் சராசரி 6,800 துண்டு. லெகோ துண்டின் மேல் துருத்தி நிற்கும் குமிழ்களில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். எல்லாம் ஒற்றைக் குமிழ்த் துண்டு என்று வைத்துக்கொண்டால், 82-க்கு 82 கட்டம், பக்கத்துக்கு 66 சென்டிமீட்டர், இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். இதைப் பின்பற்ற நினைப்பவர்கள் செலவைக் குறைக்க 48-க்கு 48 பலகையில் முடித்துவிடலாமா என்று யோசிப்பார்கள். 2,304 துண்டுதான் ஆகும். ஆனால் அந்த அளவில் ஒரு கண்ணுக்கு நான்கைந்து குமிழே கிடைக்கும். மண்டேலாவை அப்படியும் அடையாளம் தெரியும், மீதியை நம் நினைவே நிரப்பிக்கொள்ளும். யாரும் கேள்விப்படாத ஒரு செய்தியாளரின் முகம் அந்த அளவில் யாருடைய முகமாகவும் ஆகிவிடும். கண்காட்சி அவருக்காகத்தானே! தெரியாத முகங்களுக்குத்தான் அதிகக் கட்டங்கள் வேண்டும்.

கோக்கும் இடத்தில் வழக்கமாக நேரும் தவறுகள் இரண்டு. ஒரு வரிசையை ஒரு குமிழ் தள்ளித் தொடங்கிவிடுவது முதலாவது. பத்து வரிசை போன பிறகுதான் தெரியவரும். பத்து வரிசைக்கு ஒருமுறை இன்னொருவர் தாளோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட்டால் அது நிற்கும். அடுத்தது, அடர்சாம்பலும் கருப்பும் மஞ்சள் விளக்கில் ஒன்றாகத் தெரிவது. துண்டுகளை நிறத்தின் பெயரால் பிரிக்காமல் எண் ஒட்டிய டப்பாக்களில் பிரித்து, வெள்ளை விளக்கில் வேலை செய்ய வேண்டும். கண்மணியில் ஒரு துண்டு மாறினாலும் முகத்தின் பார்வை மாறிவிடும்.

படைப்பின் பலவீனமும் தரையில்தான் இருந்தது. கட்டங்களாலான முகம் நேரெதிரே, தள்ளி நின்று பார்த்தால் கூடிவரும். தரையில் கிடக்கும்போது பார்ப்பவர் கண் ஐந்தரை அடி உயரத்தில், சாய்ந்த கோணத்தில் இருக்கிறது. ஓரத்தில் உள்ள முகங்கள் தெளிவாகத் தெரியும், உள்ளே தள்ளியவை வண்ணக் கம்பளம் போல் கலங்கும். யாரை ஓரத்தில் வைப்பது, யாரை நடுவில் வைப்பது என்பது அப்போது வெறும் அழகியல் முடிவாக இருப்பதில்லை. புகழ்பெற்றவர்களை உள்ளே தள்ளி, பெயர் தெரியாதவர்களை ஓரத்துக்குக் கொண்டுவருவதே நியாயம்.

பொருளைத் தருபவர் பற்றியும் ஒரு பாடம் பிறகு கிடைத்தது. 2015-இல் மெல்போர்ன் கண்காட்சிக்காக ஐ வெய்வெய் கூடம் மொத்தமாக லெகோ கேட்டபோது, அரசியல் படைப்புகளுக்குத் தருவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. பொதுமக்கள் தங்கள் வீட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2016 ஜனவரியில் நிறுவனம் அந்த விதியைக் கைவிட்டது. ஒரே நிறுவனத்தின் பொருளை நம்பும் படைப்புக்கு, மாற்று வழியையும் ஒப்பந்தக் கட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கைதியின் இடமும் காவலாளியின் இடமும்

அதே கட்டடத்தில் ‘வித் விண்ட்’, காகிதமும் பட்டும் மூங்கிலும் கொண்டு சீனக் கைவினைஞர்கள் செய்த டிராகன் பட்டம். அதன் உடலில் மண்டேலா, அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் போன்றோர் சொன்ன வரிகள். சுற்றிலும் தொங்கிய சிறு பட்டங்களில் பறவைகளும் பூக்களும். அவற்றில் பல, குடிமக்களின் உரிமையை நசுக்கும் நாடுகளின் சின்னங்கள். பறக்க வேண்டியது கூரைக்குள் அடைபட்டிருப்பது யாருக்கும் சொல்லாமலே புரிந்தது. அமெரிக்க அரசுக்குச் சொந்தமான கட்டடத்தில், அந்த அரசு தேடிக்கொண்டிருந்த ஸ்னோடனின் வரி தொங்கியது. ‘டிரேஸ்’ தரையில் அவருடைய முகமும், அமெரிக்க இராணுவ ஆவணங்களைக் கசியவிட்டு அப்போது சிறையில் இருந்த செல்சீ மேனிங்கின் முகமும் கிடந்தன. இடம் கொடுப்பவரின் மீறல்களையும் பட்டியலில் சேர்க்கலாமா என்ற கேள்வி எல்லா ஒப்படைப்பிலும் வரும். சேர்க்காவிட்டால் கண்காட்சி அடுத்த வீட்டுக் குறையைப் பேசுவதோடு நின்றுவிடும். அந்த உரிமையை எழுத்தில் வாங்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

‘ரிஃப்ராக்ஷன்’ என்ற உலோகச் சிறகின் எடை ஐந்து டன்னுக்கு மேல். இறகுகளுக்குப் பதிலாக, திபெத்தில் சமைக்கப் பயன்படும் சூரிய அடுப்புகளின் பளபளக்கும் தகடுகள்; ஆங்காங்கே கெட்டில்கள். கீழ்த்தளத்தில் கிடந்த அதன் அருகில் யாரையும் விடவில்லை. முன்பு ஆயுதக் காவலர் நடந்து கைதிகளைக் கண்காணித்த குறுகலான மாடத்தில் நின்று, உடைந்து துருவேறிய ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். மேல்தளத்தில் கைதிகள் நடந்த தரையில் நடந்துவந்தவர், இங்கே காவலாளி நின்ற இடத்தில் நிற்கிறார். ஒரு வரி விளக்கமும் இல்லாமல் பார்வையாளரின் இடத்தை இப்படி மாற்றிவைத்ததுதான் முழுக் கண்காட்சியிலும் மிகத் தேர்ந்த முடிவு என்பேன்.

ஒலியும் பீங்கானும்

‘ஸ்டே டியூன்ட்’ படைப்புக்குக் கிடைத்தது சிறைக்கட்டடத்தின் ஏ பிரிவு. 1934-க்கு முந்தைய இராணுவச் சிறைக் காலத்துத் தட்டைக் கம்பிகள் மாற்றப்படாமல் அப்படியே இருக்கும் பகுதி. 12 அறைகள், அறைக்குள் உட்கார ஒரு முக்காலி. ஒவ்வொன்றிலும் சிறைப்பட்டவர்களின் பாடல், கவிதை அல்லது பேச்சு. சிலியின் விக்டர் ஹாரா, நைஜீரியாவின் ஃபெலா குட்டி, ரஷ்யாவின் புஸ்ஸி ரயட், திபெத்தின் லோலோ, நாஜிகளின் டெரெசீன் முகாமில் பாவெல் ஹாஸ் எழுதிய இசை. ஒரு சமயத்தில் ஓர் அறையில் ஒருவர். உட்கார்ந்தால்தான் சுவர் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று முழங்காலுக்குத் தெரியும்.

இதில் கடினம் ஒலிக்கசிவு. முன்புறம் வெறும் கம்பி என்பதால் பக்கத்து அறையின் சத்தம் வரும். ஒலி அளவைக் கூட்டினால் எல்லாம் கலந்து இரைச்சலாகிவிடும். பேச்சு உள்ள அறைகளுக்கு நடுவே மெல்லிசை அறையை வைப்பதும், ஒலிபெருக்கியைத் தலைக்கு அருகே கொண்டுவந்து அளவைக் குறைப்பதுமே வழி. அல்கட்ராஸில் இன்னொரு சங்கடமும் உண்டு. சிறைக்கட்டடத்தைச் சுற்றுபவர்களில் பலர் காதில் ஒலிவழிகாட்டி மாட்டியிருப்பார்கள். வாசலில் ஓர் ஆள் நின்று கழற்றச் சொல்லாவிட்டால் ஒலிப் படைப்பு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

மேலே மருத்துவப் பிரிவில், மனநோய்க் கைதிகளைக் கவனித்த இரண்டு ஓடு பதித்த அறைகளில், தர்மசாலாவின் நம்கியால் மடத்துத் திபெத்தியத் துறவிகளின் ஓதலும் ஹோப்பி மக்களின் பாடலும் ஒலித்தன. பக்கத்து அறைகளில் ‘பிளாஸம்’. கைகழுவும் தொட்டியிலும் குளியல் தொட்டியிலும் கழிப்பறைக் கோப்பையிலும் வெள்ளைப் பீங்கான் பூக்கள், விளிம்புவரை நிறைந்து. 1956-இல் நூறு பூக்கள் மலரட்டும் என்று விமர்சனத்தை வரவேற்ற சீன அரசு, அடுத்த ஆண்டே பேசியவர்களை ஒடுக்கியதை அந்தப் பூக்கள் நினைவூட்டுகின்றன. ஐ வெய்வெய்யின் தந்தை, கவிஞர் ஐ சிங், அந்த ஒடுக்குமுறையில்தான் சிஞ்சியாங்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை பொதுக் கழிப்பறைகளைக் கழுவுவது. அது தெரிந்தவர் அந்தக் கோப்பையின் முன்னால் சும்மா நின்றுவிட்டுப் போக முடியாது. தெரியாதவருக்கு வெறும் அழகான பூ. இந்த ஒரு படைப்புக்கு மட்டும் விளக்கம் இன்னும் தாராளமாக இருந்திருக்கலாம்.

சாப்பாட்டுக் கூடம்

கடைசி நிறுத்தம் கைதிகளின் சாப்பாட்டுக் கூடம். கலவரம் வந்தால் பயன்படுத்துவதற்காகப் பொருத்திய கண்ணீர்ப்புகைக் குப்பிகள் அதன் கூரையில் இருந்தன. அங்கே மேசைகளும் இருக்கைகளும் போட்டு, தபால் அட்டைகளை வைத்தார்கள். ‘டிரேஸ்’ தரையில் பார்த்தவர்களில் சிறையில் இருந்தவர்களின் முகவரி ஏற்கெனவே அட்டையில் இருந்தது. அந்தந்த நாட்டின் பறவையும் செடியும் அட்டையின் படம். அவர்களைப் பற்றிய குறிப்புகள் கோப்புகளில் இருந்தன. உட்கார்ந்து படித்து, நாலு வரி எழுதிவிட்டுப் போனால் போதும். அனுப்புவது குழுவின் பொறுப்பு.

இது ஏன் வேலை செய்தது? வந்தவர்களில் பெரும்பாலோர் கலை பார்க்க வந்தவர்கள் அல்லர். படகுச் சீட்டு எடுத்த சுற்றுலாக்காரர்கள். கண்காட்சிக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஏறி இறங்கிக் கால் ஓய்ந்தவர்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. முகவரி தேட வேண்டாம், தபால்தலை வேண்டாம், யாருக்கு எழுதுவது என்ற குழப்பமும் வேண்டாம். சுமார் 210 நாளில் 90,000 அட்டை என்றால் நாளுக்கு 400-க்கு மேல். வந்தவர்களில் பத்துக்கு ஒருவர் எழுதிய கணக்கு. சுற்றுலாத் தலத்தில் இது பெரிய விகிதம். கண்காட்சியின் வாசலில் கையெழுத்துப் புத்தகம் வைத்து ‘உங்கள் கருத்து’ என்று கேட்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். கருத்துப் புத்தகம் நடத்துபவரிடமே திரும்பி வருகிறது. அட்டை, அது தேவைப்படும் ஆளிடம் போகிறது.

செலவை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். அப்போது அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு ஓர் அட்டை அனுப்ப 1.15 டாலர். பெரும்பகுதி வெளிநாட்டுக்கு என்று வைத்துக்கொண்டால் தபால் செலவே ஒரு லட்சம் டாலரை நெருங்கும். அச்சுக் கூலியையும் தினமும் பிரித்து அடுக்க ஆட்களையும் அதன்மேல் சேர்க்க வேண்டும்.

எழுதுபவருக்கு வழிகாட்டலும் தேவை. கைதிகளுக்குக் கடிதம் எழுதும் இயக்கங்கள் நீண்ட அனுபவத்தில் கண்ட விதிகள் இவை: அரசைத் திட்டாதீர்கள், வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள், மத வாசகம் வேண்டாம், எந்த அமைப்பையும் குறிப்பிடாதீர்கள், உங்களை நினைக்கிறோம் என்று எழுதினால் போதும். கோபத்தில் எழுதிய ஒரு வரியால் கைதிக்குத்தான் தொல்லை, எழுதியவருக்கு அல்ல. தபால் அட்டை திறந்திருப்பதால் தணிக்கையில் உறையைவிடச் சுலபமாகக் கடக்கும். அதே காரணத்தால் காவலர் ஒவ்வொருவரும் படிப்பார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அட்டை கைதியின் கைக்குப் போகாமல் அலுவலகத்திலேயே நின்றுவிட்டாலும் வீண் இல்லை. இந்த ஆளை வெளியில் கவனிக்கிறார்கள் என்ற செய்தி சிறை நிர்வாகத்துக்குப் போய்விடுகிறது.

பட்டியல் பழையதாகும்

இத்தனையிலும் தீராத சிக்கல் பட்டியல்தான். முதலாவது, யாரைச் சேர்ப்பது என்ற அளவுகோல். அம்னெஸ்டியின் ‘மனசாட்சிக் கைதி’ வரையறையில் வன்முறையை ஆதரித்தவருக்கு இடமில்லை. ஆயுதப் போராட்டத்தை ஏற்றுக்கொண்டதால் மண்டேலாவையே 1964-க்குப் பிறகு அந்த அமைப்பு அப்படி ஏற்கவில்லை. ‘டிரேஸ்’ தரையில் அவர் இருக்கிறார். கண்காட்சி தன் அளவுகோலை விரித்துக்கொண்டது, அது தவறில்லை. ஆனால் எந்த அளவுகோலால் 176 பேர் என்பதை வாசலிலேயே எழுதி வைத்தால், ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அடுத்தது காலம். கண்காட்சி நடக்கும்போதே, 2015 பிப்ரவரியில், ‘டிரேஸ்’ தரையில் முகம் இருந்த ஜான் கிரியாகூ சிறையிலிருந்து வெளியே வந்தார். சித்திரவதை பற்றி வெளியில் பேசிய முன்னாள் சிஐஏ அதிகாரி அவர். 2017 ஜூன் 28 அன்று வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் ‘டிரேஸ்’ மறுபடி விரிக்கப்பட்டபோது, மேனிங் விடுதலையாகி ஆறு வாரம் ஆகியிருந்தது. திறந்து இரண்டு வாரம் கழித்து, ஜூலை 13 அன்று, அதே தரையில் முகம் இருந்த, நோபல் அமைதிப் பரிசு பெற்ற லியூ சியாபோ சீனக் காவலிலேயே இறந்தார். லெகோ முகங்கள் மாறவில்லை, மாறவும் முடியாது. மாற வேண்டியவை பக்கத்தில் இருக்கும் குறிப்பும் அட்டையின் முகவரியும்.

ஆகவே இப்படியொரு பணியை ஒப்படைப்பவர்கள், திறப்பு விழாவோடு முடியும் ஒப்பந்தம் போடக் கூடாது. கைதிகளின் நிலையை வாரம் ஒருமுறை உரிமை அமைப்போடு சரிபார்க்கும் ஒருவரைக் கண்காட்சி முடியும்வரை சம்பளத்தில் வைத்திருக்க வேண்டும். விடுதலையானவரின் அட்டைகளை அன்றே மேசையிலிருந்து எடுத்து, குறிப்பில் தேதி சேர்ப்பது அவர் வேலை. இடம் மாற்றப்பட்டவருக்குப் புதுச் சிறையின் முகவரியை ஒட்ட வேண்டும். குடும்பத்தார் இனி அனுப்ப வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் நிறுத்திவிட வேண்டும். படைப்பு அடுத்த ஊருக்குப் பயணமாகும்போது, பெட்டிகளோடு அந்தக் கோப்பும் போக வேண்டும். பெற்றுக்கொள்ளும் அருங்காட்சியகம் திறப்புக்கு முந்தைய வாரம் அதை மறுபடி சரிபார்க்கும் என்ற விதி இரவல் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.